வேதத்தைப் புரிந்துகொள்வதும் அதன்படி வாழ்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாரும் கலைந்த பிறகு தனியாக வந்து தயக்கத்தோடு கேட்கப்பட்டவையும் இவற்றில் உண்டு. அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. பதில்களை வேதத்தைத் திறந்து வைத்துச் சரிபாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே அப்படித்தான் சோதித்தார்கள். அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள் (அப்போஸ்தலர் 17:11).

தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் வாழ்க்கையோடு ஒட்டுவதில்லை. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் கேள்வியின் வரிசையில்தான். வேதத்தைத் திறந்ததும் "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதை முதலில் கேட்டவர்களுக்கு இது என்ன சொன்னது?"

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் வாழ்த்து அட்டைகளிலும் சுவர்களிலும் தொங்குகிறது. வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் இது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசித்தால்தான் கடிதத்தின் கனம் தெரியும். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று முழங்குகிறான். ஜனங்கள் கேட்க விரும்பிய செய்தி அதுதான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அப்படியென்றால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே சாவார்கள். அவர்களுக்குத்தான், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார் (29:5-7). "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" இதற்குப் பிறகுதான் வருகிறது.

அப்படியானால் அந்த வசனத்தை நான் எனக்கென்று எடுத்துக்கொள்ளவே கூடாதா?

எடுத்துக்கொள்ளலாம், முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். தம்முடைய ஜனங்களை எருசலேமில் மறவாத தேவன் பாபிலோனிலும் மறக்கவில்லை. அந்தத் தேவனையே நாமும் ஆராதிக்கிறோம். ஆகவே நேர்காணலுக்குப் போகிறவருக்கு இந்த வசனம் தரும் ஆறுதல் இப்படி இருக்கும்: வேலை கிடைக்காமல் போகலாம், காத்திருப்பு நீளலாம், உன் வாழ்நாளுக்குள்ளேயே முடிவு தெரியாமலும் போகலாம், அப்போதும் நீ இருக்கிற இடத்தில் வேரூன்றி, உன்னைச் சுற்றியிருப்பவர்களின் நன்மையைத் தேடு. வேலை கிடைக்காமல் வீடு திரும்பிய நாளிலும் இந்த ஆறுதல் உடையாது. அட்டையில் அச்சிட்ட ஒற்றை வரியை மட்டும் நம்பிப் போனவரோ அன்று தேவன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார். அப்படி நினைத்து விசுவாசத்தையே விட்டு விலகியவர்கள் இருக்கிறார்கள். சூழமைவோடு வாசியுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் அவர்கள்தான்.

யோபு 8:7 எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம். அதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கலாமா?

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடை திறப்பிலும் திருமணத்திலும் புதுவீட்டிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிய வசனம். இதைச் சொன்னது யார்? கர்த்தர் சொல்லவில்லை, யோபுவும் சொல்லவில்லை. சொன்னது யோபுவின் சிநேகிதரில் ஒருவனான பில்தாத்.

யோபு தன் பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் வந்த பில்தாத், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய தண்டனையை அடைந்தார்கள் என்று பேசத் தொடங்குகிறான் (8:4). நீர் சுத்தமும் செம்மையுமாக இருந்தால் உமக்கு நல்லது நடக்கும் என்று தொடர்கிறான் (8:6). அடுத்த வரிதான் உங்களுடைய வசனம். "இப்போது உமக்கு நடப்பது உம்முடைய தவற்றுக்கான கூலி" என்ற குற்றச்சாட்டின் வால்பகுதி அது. புத்தகத்தின் முடிவில் கர்த்தரே யோபுவின் சிநேகிதரைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபிக்கிறார் (42:7).

யோபுவின் முடிவு சம்பூரணமாக இருந்தது உண்மை. 42-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அது நடக்கவில்லை. எந்த வசனத்தையும் ஜெபத்தில் எடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், இந்தப் பேச்சைப் பற்றிப் புத்தகம் கடைசியில் என்ன தீர்ப்புச் சொல்கிறது. சிறியவற்றைத் தேவன் அற்பமாக எண்ணுவதில்லை என்பதே உங்கள் தேவை என்றால், அதற்குக் கடுகு விதை உவமை இருக்கிறது (மாற்கு 4:30-32). அதைச் சொன்னவர் இயேசு.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? ஒவ்வொரு முறையும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. பிறகு ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் இருபது அதிகாரங்களும், அடுத்து லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். சங்கீதங்களை எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். இவ்வளவும் உள்ளே போன பிறகு லேவியராகமம் தானாகவே பேசத் தொடங்கும், குறிப்பாக எபிரெயரோடு சேர்த்து வாசித்தால்.

வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதத்தையும் முடிக்கும் திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று, சில நாட்களில் நான்கு என்று வைத்தால் முடியும். ஆனால் முடிப்பதே குறிக்கோளாகிவிட்டால் கண்தான் வாசிக்கும், மனம் வாசிக்காது. அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்து பாருங்கள்: ஒரு நிருபத்தை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள். பிலிப்பியர் முழுவதற்கும் கால் மணி நேரம் போதும். முதலில் சபைகள் அதை அப்படித்தான் கேட்டன. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலப் பேராயரின் காலத்தில் நிலைபெற்றவை. புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகர், 1551-ல். பவுல் எண் போட்டு எழுதவில்லை.

முழுவதையும் வாசித்தால், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (4:13) என்ற வரி, பட்டினியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்ட ஒரு கைதியின் வார்த்தை என்பது விளக்கவுரை இல்லாமலே விளங்கும்.

பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளில் சிலவற்றைக் கைக்கொள்கிறோம், சிலவற்றை விடுகிறோம். இது நம் வசதிக்காகத்தானே?

நியாயமான கேள்வி. லேவியராகமம் 19 ஒன்றிலேயே இந்தச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது (18). அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாதே (13), செவிடனை நிந்திக்காதே (14), தாடியின் ஓரங்களைக் கத்தரிக்காதே (27), அந்நியனை உன்னைப்போல் நேசி (34), கள்ளத் தராசு வைக்காதே (36) என்று எல்லாம் கலந்து வருகின்றன.

எதை எடுப்பது என்பதை நம் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், புதிய ஏற்பாடே வழிகாட்டுகிறது. பலிகள் கிறிஸ்துவின் ஒரே பலியில் நிறைவேறின (எபிரெயர் 10). போஜனத்தைப் பற்றிய தடைகளை இயேசுவே எடுத்துப்போட்டார் (மாற்கு 7:19). புறஜாதி விசுவாசிகள்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தக் கூடாது என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் விவாதித்துத் தீர்மானித்தார்கள் (அப்போஸ்தலர் 15). இஸ்ரவேலை மற்ற ஜனங்களிலிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களின் வேலை அங்கே முடிந்தது. பிறனை நேசிக்கும் கட்டளையையோ இயேசுவும் பவுலும் யாக்கோபும் மறுபடியும் மறுபடியும் எடுத்துச் சொல்கிறார்கள். கூலியைப் பிடித்துவைத்த செல்வந்தரை யாக்கோபு 5:4 கண்டிக்கிறது.

இதில் என்னை வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாடியையும் துணியையும் பற்றி நெடுநேரம் விவாதிக்கிறோம். நம் வீட்டிலோ அலுவலகத்திலோ வேலை செய்கிறவருக்குச் சம்பளம் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று அந்த அதிகாரம் கேட்பதை மட்டும் கடந்து போய்விடுகிறோம்.

வேதத்தில் விசுவாச வீரர்கள் செய்ததையெல்லாம் நாமும் செய்யலாமா?

கூடாது. வேதம் ஒன்றைச் சொல்வதாலேயே அதை ஆமோதிக்கிறது என்று ஆகாது. யெப்தா பொருத்தனை பண்ணித் தன் மகளை இழந்தான். ஆபிரகாம் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்றான். தாவீது பல பெண்களை மணந்தான், அதன் கசப்பு அவன் வீட்டை எப்படிச் சிதைத்தது என்பதை 2 சாமுவேல் ஒளிக்காமல் சொல்கிறது. எபிரெயர் 11 இவர்களில் பலருடைய விசுவாசத்தை மெச்சுகிறது. அவர்களுடைய எல்லாச் செயல்களுக்கும் அது நற்சான்று தரவில்லை.

வேதம் தனக்குத்தானே முரண்படுகிறதே?

நீதிமொழிகள் 26:4, "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்கிறது. அடுத்த வசனம், "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு" என்கிறது. தொகுத்தவர் கவனிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க வழியே இல்லை. இரண்டுக்கும் காரணம் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது: கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய், கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான். எந்த வேளையில் எது என்று நிதானிக்கும் ஞானத்தைத்தான் நீதிமொழிகள் பழக்குகிறது. அது எந்நேரமும் ஒரேபோல் பலிக்கும் உத்தரவாதங்களின் பட்டியல் இல்லை. "பிள்ளையானவனை நடத்தவேண்டிய வழியிலே அவனை நடத்து" (22:6) என்பதும் அந்த வகையில் சேர்ந்ததே. வழிதவறிய மகனையோ மகளையோ நினைத்து அழும் பெற்றோரிடம் இந்த வசனத்தைக் காட்டிக் குற்றம் சாட்டாதீர்கள்.

எல்லாக் கடினமான பகுதிகளும் இவ்வளவு எளிதாக விடுபடாது. சிலவற்றை வருஷக்கணக்கில் திறந்த கேள்வியாகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

கைப்பேசி, சமூக ஊடகம், செயற்கை நுண்ணறிவு பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லையே?

பெயர் சொல்லி இல்லை. ஆனால் உபாகமம் 22:8-ஐப் பாருங்கள்: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி உன்மேல் வரும். தட்டையான கூரையில் ஆட்கள் உலாவி உறங்கிய காலத்துச் சட்டம். நம் கூரை சாய்வாக இருந்தாலும், நாம் உண்டாக்கும் ஒன்றினால் பிறருக்குத் தீங்கு வராமல் முன்கூட்டியே பாதுகாக்கும் பொறுப்பு நம்முடையது. செயலி எழுதுகிறவருக்கும் வாகனம் ஓட்டுகிறவருக்கும் இது நேரடியாகவே பொருந்தும்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பும் பழக்கத்துக்கு இன்னும் நேரான வசனங்கள் உண்டு. "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்கிறது யாத்திராகமம் 23:1. வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தெரிவான், மற்றவன் வந்து விசாரிக்கும்வரை, என்கிறது நீதிமொழிகள் 18:17. சரிபார்க்காத ஒரு செய்தியை ஒரு சமூகத்தைப் பற்றியோ ஒரு போதகரைப் பற்றியோ பரப்புவது பொய்சாட்சி சொல்வதுதான். "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது பத்துக் கட்டளைகளுக்கு முன்னால் எடுபடாது.

தேவசித்தத்தை அறிய, ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்து கண்ணில் படும் வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தேவன் தம்முடைய இரக்கத்தால் அப்படியும் ஒருவரோடு இடைப்படலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு முறையாக வேதம் கற்றுத்தரவில்லை. அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுவைத்த கிதியோனை உதாரணம் காட்டுவார்கள். போ என்றும், நான் உன்னோடே இருப்பேன் என்றும் கர்த்தர் ஏற்கெனவே அவனிடம் சொல்லியாயிற்று (நியாயாதிபதிகள் 6:14, 16). தோல் அவனுடைய பயத்தைக் காட்டுகிறது, தேவனுடைய பொறுமையைக் காட்டுகிறது.

"இதுவே தேவனுடைய சித்தம்" என்று வேதம் வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் நம் பரிசுத்தத்தையும் (1 தெசலோனிக்கேயர் 4:3) நன்றியறிதலையும் (5:18) பற்றியவை. எந்த வேலை, எந்த ஊர் என்பதில் அது நமக்கு வியக்கத்தக்க சுதந்திரம் தருகிறது. மறுமணம் செய்ய விரும்பும் விதவையைப் பற்றிப் பவுல், தனக்கு மனதாயிருக்கிறவனை அவள் மணந்துகொள்ளலாம், அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 7:39). ஞானத்துக்காக ஜெபியுங்கள், உங்களை அறிந்த முதிர்ந்தவர்களிடம் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். முடிவு சரியாக அமையாவிட்டால் தேவனுடைய திட்டத்திலிருந்து நிரந்தரமாக விழுந்துவிட்டோம் என்ற பயத்தில் வாழ வேண்டியதில்லை.

மருந்து எடுத்தால் விசுவாசம் குறைவு என்கிறார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கலாமா?

எடுங்கள். தயங்காமல் எடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், யார் சொன்னாலும்.

எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டித்தரப்படும் என்று வாக்குக்கொடுத்த கர்த்தரின் தீர்க்கதரிசியே, அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசாயா 38:21). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). பவுலின் கைகளால் அற்புதங்கள் நடந்தன. ஆனாலும் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவர நேர்ந்தது (2 தீமோத்தேயு 4:20). யாருடைய விசுவாசம் அங்கே குறைந்துபோனது? பிறவிக்குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு (யோவான் 9:3).

மனச்சோர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19:4). கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ட சற்றுக் காலத்துக்குள் இது நடக்கிறது. அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. தூக்கம், அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகு. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். வியாதிக்காரருக்காகச் சபையின் மூப்பர்கள் ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு 5:14 சொல்வதும் இதோடு சேர்ந்தே நடக்கட்டும்.

கணவர் அடிக்கிறார். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லிப் பொறுத்துப்போகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றவை பிறகு.

எபேசியர் 5:22-ஐ உங்களிடம் சொன்னவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும், "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதையும், சொல்லியிருக்க வேண்டும். மூன்று வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியை நேசி என்று கணவனுக்குக் கட்டளை இருக்கிறது. அந்தப் பகுதியில் கணவனுக்குச் சொல்லப்பட்டதுதான் நீளம். மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபமே தடைபடும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:7). கை ஓங்குகிறவனுக்கு இந்த அதிகாரத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

விலகிப்போவது கீழ்ப்படியாமை என்று உங்களை நம்பவைத்திருந்தால், தாவீதைப் பாருங்கள். சவுல் கர்த்தர் அபிஷேகம்பண்ணின ராஜா. தாவீது அவனைக் கடைசிவரை கனம்பண்ணினான். அவன்மேல் கைபோட மறுத்தான். ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது விலகினான், அன்று இரவே ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினான் (1 சாமுவேல் 19:10-12). அவன் செய்தது பாவம் என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தீமை செய்கிறவனைத் தண்டிக்க அரசு அதிகாரம் தேவனால் நியமிக்கப்பட்டது என்று ரோமர் 13 சொல்கிறது. ஆகவே காவல்துறையிடமும் நீதிமன்றத்திடமும் போவது விசுவாசத்துக்கு விரோதமானது ஆகாது. மணமுறிவு, மறுமணம் பற்றிச் சபைகள் வெவ்வேறு நிலைப்பாடு எடுக்கின்றன. அந்த விவாதம் முடியும்வரை அடிவாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் போதகர்களே, உங்களிடம் வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தசமபாகம் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்தால் செல்வம் பெருகுமா?

மல்கியா 3:10 இந்த விஷயத்தில் அதிகம் பிரசங்கிக்கப்படுகிறது. ஐந்து வசனம் முன்னே போங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாக இருப்பேன் என்கிறார் கர்த்தர் (3:5). நியாயப்பிரமாணத்தின் தசமபாகம் லேவியருக்கும், மூன்றாம் வருஷத்தில் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போய்ச்சேர்ந்தது (உபாகமம் 14:28-29). ஏழைக்குப் போகாத தசமபாகத்துக்கு மல்கியாவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

புதிய ஏற்பாட்டுச் சபைக்குப் பவுல் விகிதம் எதையும் விதிக்கவில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி கொடுங்கள் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்று நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. வசதியுள்ளவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளக் காரணம் இல்லை. கடனில் தவிக்கும் குடும்பத்திடம், நீ கொடுக்காததால்தான் இந்தக் கஷ்டம் என்று சொல்வது பில்தாதின் பேச்சு.

வேதத்தை வைத்தே அநியாயத்தை நியாயப்படுத்தியிருக்கிறார்களே?

ஆம், அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று 1807-ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதியும் அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட வரலாறு நீக்கப்பட்டது. அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்ற கலாத்தியர் 3:28 நீக்கப்பட்டது. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருந்தது.

அதே 1807-ல், அதே லண்டனில், அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்காக இருபது ஆண்டுகள் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸை உந்தியதும் கிறிஸ்தவ விசுவாசம்தான். மனிதனைத் திருடி விற்கிறவன் சாக வேண்டும் என்ற யாத்திராகமம் 21:16 முழு வேதாகமம் வைத்திருந்த எல்லாருடைய கையிலும் இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் வெட்டியெடுத்த துண்டுகளைப் பிரசங்கித்தார்கள். பிசாசும் சோதனையில் சங்கீதம் 91-ஐத்தான் மேற்கோள் காட்டினான். "என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொரு வசனத்தால் இயேசு அவனை மறுத்தார் (மத்தேயு 4:6-7). ஒரு வசனத்தை உங்கள்மேல் ஆயுதமாக யாராவது தூக்கினால், நீங்களும் வேதத்தின் மற்றப் பக்கங்களைத் திறக்கலாம்.

எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

மனப்பாடமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பை விட வேண்டாம். அது 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் உருவானது. அதன் தமிழ் இன்றைய இளைஞர்களுக்குக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிருபங்களில் ஒரு நீண்ட வாக்கியம் பிடிபடாதபோது, 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தையோ வேறொரு எளிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். மாற்கு 16:9-20 மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இல்லை என்ற குறிப்பைப் பார்த்தவர்கள், அங்கே சொல்லப்படும் சர்ப்பங்களைக் கையில் எடுப்பதை விசுவாசத்தின் அளவுகோலாக வைக்கமாட்டார்கள்.

சபையில் ஒருவர் சரி என்பதை மற்றவர் பாவம் என்கிறார். யாரைக் கேட்பது?

ரோமர் 14-ஐ முழுவதும் வாசியுங்கள். உணவையும் விசேஷ நாட்களையும் பற்றி ரோமாபுரி சபையில் இருந்த பிணக்கைப் பவுல் அங்கே கையாளுகிறார். "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" (14:5) என்கிறார். புசிக்கிறவன் அற்பமாக எண்ணக் கூடாது, புசியாதவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறார். ஆனால் கொலை, விபசாரம், ஏமாற்று ஆகியவற்றை அந்தப் பட்டியலில் சேர்த்து "அவரவர் மனசாட்சி" என்று விட்டுவிட முடியாது.

தனியாக வாசித்தால் போதாதா? சபை எதற்கு?

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லி, அவரை ஏறித் தன்னோடு உட்காரும்படி வேண்டிக்கொண்டார் (அப்போஸ்தலர் 8:30-31). அந்தப் பணிவு நமக்கும் வேண்டும். உங்களைப் போலவே வயதும் வருமானமும் உள்ளவர்களோடு மட்டும் வாசிக்காதீர்கள். பசியை அறிந்த ஒருவர் "அன்றன்றுள்ள ஆகாரத்தை" என்று ஜெபிப்பதைக் கேட்கும்போது, அந்த வரி வேறு மாதிரி விளங்கும்.

வாசிக்கவே மனம் வராத நாட்களில் என்ன செய்வது?

சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். நம்பிக்கையின் வரி ஒன்றுகூட முடிவில் இல்லாத சங்கீதம் அது. அதையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். அதுவும் முடியாவிட்டால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவ்வளவு போதும்.

வசனம் தெளிவாகப் புரிகிறது. செய்யத்தான் மனமில்லை. இப்போது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மற்ற எல்லாரையும்விட முன்னே இருக்கிறார் என்பது என் எண்ணம்.

வரி வசூலித்துச் செல்வந்தனான சகேயு இயேசுவின் முன் எழுந்து நின்று சொன்னதைக் கவனியுங்கள்: ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் (லூக்கா 19:8). தன் உணர்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொகை இருக்கிறது, பெறுகிறவர் இருக்கிறார். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். திருப்பித் தர வேண்டிய கடன் என்றால் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது என்றால், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னபடி (மத்தேயு 5:24), இந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே தொலைபேசியில் அழையுங்கள். அவர் எடுக்காவிட்டால் மறுநாள் மறுபடியும் அழையுங்கள். மனம் இன்னும் ஒத்துழைக்கவில்லை என்பதை ஜெபத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டு, அழையுங்கள்.